காணாமற்போன குடியேற்றம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் பாடசாலை அதிபர் ஒருவருக்கு ஏற்றதுதானோ என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். வான்வெளியிலே வழிதவறிய ஒரு கப்பல். அது விழுந்து நொறுங்கிய ஒரு கிரகம். அங்கே உலகத்தாரால் மறக்கப்பட்டு வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டம். ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் அவர்களை மீண்டுங் கண்டுபிடிக்கும் ஒரு பேரரசு. இத்தகைய கதைகளை நான் நெடுங்காலமாகச் சிறுபிள்ளை விளையாட்டு என்றே கருதிவந்தேன். அக்கருத்து மாறியதற்கு மாணவன் ஒருவனே காரணம்.

உயர்தர வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வாங்கில் இருந்த ஒருவன் பாடநூலுக்குள் வேறொரு நூலை மறைத்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். அதனை வாங்கி என் மேசை லாச்சியுள் இட்டுப் பூட்டினேன். முன்னட்டை பாதி கிழிந்த ஆங்கில நாவல் அது. அட்டையின் எஞ்சிய பாதியில் ஒரு சிவந்த சூரியன் மாத்திரம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மாலை, எதைப் படிப்பதற்காக நம் பிள்ளைகள் வரலாற்றைப் புறக்கணிக்கிறார்கள் என்று பார்ப்போமே என்ற எண்ணத்துடன் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். சனிக்கிழமை நள்ளிரவு கடந்த பின்னரே அதைக் கீழே வைத்தேன். மாணவன் புறக்கணித்தது வரலாற்றையன்று, என் பாடத்தை மாத்திரமே என்பது அப்பொழுது எனக்கு விளங்கிற்று.

அந்நூலை எழுதியவர் மரியன் சிம்மர் பிராட்லி என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1930இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்து 1999இல் மறைந்தவர். 'டார்க்கோவர்' என்னும் கற்பனைக் கிரகத்தைப் பற்றி அவர் எழுதிய முதற் கதை 1958இல் ஒரு சஞ்சிகையில் வெளிவந்தது. என் கைக்கு வந்த 'தி பிளடி சன்', அதாவது இரத்தச் சூரியன், 1964இல் வெளிவந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்தக் கிரகத்தை விட்டு அவர் மனம் நீங்கவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2014இல், அவருடைய மகளே தாய் தமக்கு இழைத்த கொடுமைகளைப் பற்றிப் பகிரங்கமாகக் கூறினார். அதனை அறிந்த பின் அந்நூல்களை முன்போல் வாசிக்க முடியாது. எனினும் அதை மறைத்துவிட்டு நூலை மாத்திரம் உங்களுக்கு எடுத்துரைப்பது ஆசிரியனுக்கு அழகன்று, ஆகையாற் சொல்லிவிட்டேன்.

இனிக் கிரகத்துக்கு வருவோம். டார்க்கோவர் குளிர்மிக்க உலகம். அதன் சூரியன் மங்கிய செந்நிறமுடையது. இரவு வானிலே நான்கு நிலவுகள், நான்கு நிறத்தில். மலையும் காடும் உண்டு; உலோகம் மிக அரிது. புதிய உலகொன்றிற் குடியேறப் புறப்பட்ட கப்பலொன்று திசைமாறிப் போய் அங்கே மோதி நின்றுவிடுகிறது. கப்பலைத் திருத்த முடியாது. பூமிக்குச் செய்தி அனுப்பவும் வழியில்லை. வந்தவர்களுள் ஸ்கொத்லாந்தின் பழைய கேலிக் பாடல்களையும் வழக்கங்களையும் பேணிய ஒரு கூட்டத்தினர் இருந்தனர். ஸ்பானிய வழியினரும் இருந்தனர். இந்த வீழ்ச்சியின் கதையை ஆசிரியர் 1972இலேதான், முதற்கதை வந்து பதினான்கு ஆண்டுகளின் பின், 'டார்க்கோவர் லாண்ட்ஃபோல்' என்னும் நாவலாக எழுதினார். முடிவை முதலிற் கண்டு தொடக்கத்தைப் பின்னர் தேடுவது வரலாற்றாசிரியர்களின் வழக்கம். இவருக்கும் அவ்வாறே நேர்ந்தது போலும்.

அந்த நாவலில் இரண்டு கட்டங்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஒன்று, கப்பற்றலைவன் செய்யும் செயல். மனிதரின் அறிவனைத்தையும் சேமித்து வைத்த கணினி கப்பலில் இருக்கிறது. எதைக் கேட்டாலும் விடை சொல்லும். நாளடைவில் தன் மக்கள் தாமாகச் சிந்திப்பதை விட்டு, அதனைத் தெய்வவாக்குச் சொல்லும் கோயிலாக்கி விடுவார்களே என்று அஞ்சி, அதனைத் தன் கையாலேயே அழித்துவிடுகிறான் அவன். இது சரியா தவறா என்று ஒரு மாலைப்பொழுது முழுவதும் வாதிடலாம். நூலகம் எரிந்த துயரை அறிந்தவன் நான். என்னால் அவனை மன்னிக்க முடியவில்லை. மற்றைய கட்டம் இன்னும் கடுமையானது. கூட்டம் சிறியது, பிள்ளைகள் பிறக்காவிடில் குலம் அழிந்துவிடும். ஆகவே கருவுற்ற பெண் ஒருத்தி, தனக்கு விருப்பமில்லை என்று எவ்வளவு சொல்லியும், பிள்ளையைப் பெற்றே ஆகவேண்டும் எனக் கட்டாயப்படுத்தப்படுகிறாள். இதனைப் பெண்ணெழுத்தாளர் பலர் கண்டித்தனர், கண்டித்தது முறையே. ஒரு சமுதாயம் பிழைத்துக்கொண்டது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யாருடைய உடலின் மேல் அது பிழைத்தது என்று கேட்பதில்லை.

காலம் உருண்டோடுகிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள். வந்த கதையை அம்மக்கள் அடியோடு மறந்துவிடுகிறார்கள். கோட்டைகளும் பிரபுக்களும் குதிரைகளுமாக ஒரு புது நாகரிகம் எழுகிறது. செந்நிறத் தலைமயிர் கொண்ட ஏழு பெருங் குடும்பத்தினர் ஆளுகின்றனர். அவர்களிடம் மனத்தால் மனத்தை அறியும் ஆற்றலும், ஒருவகை நீலக்கல்லைக் கருவியாகக் கொண்டு இயற்கைச் சக்திகளை ஏவும் வித்தையும் உண்டு. அந்த வித்தையைப் போருக்குப் பயன்படுத்தி நாட்டைச் சுடுகாடாக்கிய ஒரு யுகமும் இடையிலே கழிந்தது. அதன்பின் அவர்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். வீசுபவனின் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பாற் சென்று கொல்லும் ஆயுதம் எதனையும் எவரும் ஏந்தலாகாது என்பதே அது. மற்றொருவனைக் கொல்ல விரும்புபவன் தானும் அவனுடைய வாளின் எல்லைக்குள் நின்றாக வேண்டும். தொலைவிலிருந்து பொத்தானை அழுத்திக் கொல்லும் இக்காலத்திலே, ஒரு கதைப்புத்தகத்தில் இவ்வெண்ணத்தைக் கண்டு நான் சற்று நேரம் நூலை மூடிவைத்துவிட்டேன்.

இந்நிலையிலேதான் பூமிப் பேரரசின் கப்பல் வந்து இறங்குகிறது. மொழியை ஆராய்ந்தவர்கள் அதில் ஸ்பானியச் சொற்களையும் கேலிக் சொற்களையும் கண்டு திகைக்கின்றனர். இவர்கள் அந்நியரல்லர், காணாமற்போன நம் உறவினர் என்ற உண்மை வெளிப்படுகிறது.

உறவினரைக் கண்டதில் மகிழ்ச்சி இயல்பே. ஆனால் பேரரசு வந்து நின்றது உறவு கொண்டாட மாத்திரமன்று. அண்டத்தின் இரண்டு பெரும் பகுதிகளுக்கிடையே போகும் கப்பல்கள் தங்கிச் செல்வதற்கு அந்தக் கிரகம் மிக வாய்ப்பான இடம். வேண்டியது ஒரு துறைமுகம். மண்ணில் விளைவதற்காகவன்றி, கப்பல் நிற்பதற்காகவே விரும்பப்படுவது எத்தகையது என்பதைத் திருகோணமலையை உடைய தீவில் வாழும் நமக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இப்பேரரசு வாளெடுத்து வெல்வதில்லை. வாணிகம் செய்கிறது, காத்திருக்கிறது. அந்தந்த உலகம் தானாக வந்து எம்மைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும் என்பது சட்டம். கேளாதவர்களைக் கேட்க வைப்பதற்கும் வழியுண்டு. 1971இல் வந்த 'தி வேர்ல்ட் ரெக்கர்ஸ்' என்னும் நாவலில், கூலி பெற்றுக்கொண்டு உலகங்களைப் பாழாக்கும் ஒரு கூட்டம் டார்க்கோவருக்கு அனுப்பப்படுகிறது. காடுகள் தீப்பற்றுகின்றன, மண் வளமிழக்கிறது. எல்லாம் தற்செயல் போலவே தோன்றும். பசி வந்தபின் மக்கள் தாமே கைநீட்டுவர் என்பது கணக்கு. இதை வாசித்தபோது இவ்வம்மையார் அரசியலும் படித்தவர் என்று எண்ணிக்கொண்டேன்.

இதெல்லாம் வெறுங் கற்பனைதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே எண்ணியிருப்பேன். ஆனால் வரலாற்று ஆசிரியனுக்குப் பழக்கம் விடுவதில்லை. காணாமற்போன குடியேற்றத்தைத் தேடிச் சென்ற அரசு ஒன்று இப்பூமியிலேயே இருந்தது. அதன் கதை டார்க்கோவரின் கதையினும் வியப்பானது. அதற்கு நாம் வடதுருவத்தை அண்டிய கிறீன்லாந்துக்குச் செல்லவேண்டும்.

ஏறக்குறைய கி.பி. 985இல் ஐஸ்லாந்திலிருந்து 'செந்நிற எரிக்' என்பவனுடைய தலைமையில் நோர்வே வழியினர் கிறீன்லாந்தின் தென்மேற்குக் கரையிற் குடியேறினர். ஆடு மாடு வளர்த்தனர், தேவாலயங்கள் கட்டினர், வால்ரஸ் என்னும் கடல் விலங்கின் தந்தத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1261இல் நோர்வே மன்னனின் ஆட்சியை ஏற்றனர். 1408 செப்டம்பரில் ஹ்வால்ஸி என்னுமிடத்துத் தேவாலயத்தில் ஒரு திருமணம் நடந்தது. அந்தத் தம்பதியர் பின்னர் ஐஸ்லாந்திலே வாழ்ந்தமையால் அது நடந்ததற்கு எழுத்துச் சான்று எஞ்சியது. அதன்பின் அக்குடியேற்றத்தைப் பற்றி ஓர் எழுத்துமில்லை. குளிர் மிகுந்ததோ, தந்த வாணிகம் நலிந்ததோ, இரண்டுமோ; ஆராய்ச்சியாளர் இன்றும் ஆராய்கின்றனர். கடைசியாக நாம் கேட்பது ஒரு மணவோசை. பிறகு மௌனம்.

முந்நூறு ஆண்டுகள் சென்றன. நோர்வேயின் வடபகுதியில் இருந்த ஹான்ஸ் எகெடெ என்னும் பாதிரியாருக்கு உறக்கமில்லை. அந்த மக்களின் சந்ததியார் இன்னும் அங்கே இருப்பர். ஐரோப்பாவில் நிகழ்ந்த மதச் சீர்திருத்தத்தைக்கூட அறியாதிருப்பர். அவர்களைத் தேடிச் செல்லவேண்டும் என்று பல்லாண்டு மன்றாடினார். அக்காலத்தில் டென்மார்க்கும் நோர்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்தன. நான்காம் பிரெடெரிக் மன்னனின் ஆதரவோடும் பேர்கன் நகர வணிகரின் முதலோடும், மனைவி கேட்ரூட் ராஸ்க்கையும் நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு 1721இற் புறப்பட்டார். கப்பலின் பெயர் 'நம்பிக்கை'. ஜூலை 3ஆம் திகதி கரை சேர்ந்தார்.

அங்கே அவர் தேடியவர்கள் இல்லை. இனுயிட் மக்கள் இருந்தனர். அவர்கள் தொலைந்தவர்களல்லர்; எவரும் தம்மைத் தேடிவர வேண்டுமென்று எதிர்பார்த்தவர்களுமல்லர். எகெடெ திரும்பிப் போகவில்லை. தேடிவந்தவர்களுக்காகக் கொண்டுவந்த சமயத்தை எதிர்ப்பட்டவர்களுக்குப் போதிக்கலானார். அவர்களுடைய மொழியைக் கற்க அவர் பட்ட பாடு பெரிது. அவர் மகன் பௌல் அங்குள்ள சிறுவரோடு விளையாடியே அம்மொழியைக் கற்றுக்கொண்டான். பிற்காலத்தில், 1750இல், கிறீன்லாந்து மொழிக்கு அகராதி வெளியிட்டவன் அவனே. பிள்ளைகள் மொழி கற்கும் முறை பற்றி ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளிற் சொல்லப்படும் எல்லாவற்றினும் இவ்வொரு செய்தி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1723இல் தெற்கே பயணஞ் செய்தபோது எகெடெ ஹ்வால்ஸித் தேவாலயத்தின் இடிந்த சுவர்களைக் கண்டார். தாம் தேடிவந்த குடியேற்றத்தின் நடுவிலேதான் நிற்கிறோம் என்பதை அவர் உணரவில்லை. பழைய நூல்கள் 'கிழக்குக் குடியேற்றம்' என்று கூறியமையால் அது கிழக்குக் கரையிலே இருக்கவேண்டும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. நூறாண்டுக்குப் பின்னரும், 1828இல், கிராஹ் என்னும் கடற்படை அதிகாரி அதைத் தேடிக் கிழக்குக் கரைக்கு அனுப்பப்பட்டார். காணவில்லை.

1728இல் எகெடெயின் குடியிருப்பு நிலப்பகுதிக்கு மாற்றப்பட்டது. 'நன்னம்பிக்கை' என்று பொருள்படும் கொட்ஹோப் என்ற பெயர் பெற்ற அவ்விடமே இன்றைய தலைநகர் நூக். 1733இல் டென்மார்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பிய ஒரு சிறுவனோடு அம்மை நோய் வந்திறங்கியது. ஊர் ஊராக மக்கள் மாண்டனர். கேட்ரூட் ராஸ்க் நோயாளரைத் தம் வீட்டுக்கே எடுத்துப் பராமரித்தார். 1735இல் தாமும் இறந்தார். அடுத்த ஆண்டு எகெடெ கிறீன்லாந்தை விட்டு நீங்கினார். அந்த அம்மையாரின் தொண்டையும் நான் மறுக்கமாட்டேன். நோய் எந்தக் கப்பலில் வந்தது என்பதையும் மறக்கமாட்டேன்.

இதனோடு கதை முடிந்திருந்தால் இன்று உங்கள் நேரத்தைக் கவர்ந்திருக்கமாட்டேன். 1931இல் நோர்வே, அப்போது தனிநாடு, கிழக்குக் கிறீன்லாந்தின் ஒரு பகுதி தனதென்று அறிவித்தது. டென்மார்க் வழக்குத் தொடுத்தது. ஹேக் நகரிலிருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றம் 1933 ஏப்ரல் 5ஆம் திகதி டென்மார்க்குக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பல காரணங்களை அம்மன்று ஆராய்ந்தது. அவற்றிலொன்று, பழைய நோர்வேக் குடியேற்றங்கள் மறைந்தபின் மன்னருக்கு அந்நிலத்தில் உரிமை இருந்ததா என்பது. மன்னர் தம் உரிமையைத் துறந்தார் என்று காட்டும் சான்று இல்லை என்று நீதிபதிகள் கருதினர். வழக்காளிகள் இரு நாட்டினர். அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் அவ்வழக்கிலே கட்சிக்காரர்களாக இருக்கவில்லை.

நேயர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். மாண்டுபோன மாட்டுப் பண்ணையாளரின் பெயரால், ஐந்நூறு ஆண்டுகளின் பின், ஒரு பெருநிலத்தின் உரிமை பேசப்பட்டது. 'தொலைந்துவிட்டது' என்ற சொல்லை நாம் துயரச் சொல் என்று நினைக்கிறோம். அதற்குள் ஓர் உறுதிப்பத்திரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. என் மாடு தொலைந்துவிட்டது என்று சொல்பவன், அது எங்கே நின்றாலும் என்னுடையது என்றே சொல்கிறான். டார்க்கோவர் மக்களை உறவினரே என்று தழுவிக்கொள்ளும் பேரரசின் கையிலும் அந்தப் பத்திரமே இருக்கிறது. தம்மைத் தொலைந்தவர் என்று அவர்கள் ஒருநாளும் எண்ணியதில்லை, வீட்டிலேயே இருந்தார்கள்.

இவ்விடத்தில் அந்நாவல்களின் குறைகளையும் சொல்லவேண்டும். அந்தக் கிரகத்தின் சார்பிற் பேசுவோர் எல்லாரும் பிரபுக்கள். உழுபவனும் மரம் வெட்டுபவனும் பேரரசைப் பற்றி என்ன நினைத்தான் என்பதை நாம் அருமையாகவே கேட்கிறோம். மேலும், கண்டுபிடிக்கப்பட்டவர்களைக் கண்டுபிடித்தவரின் சுற்றத்தாராகவே ஆக்கிவிட்டமையால், ஆசிரியருக்கு ஒரு சங்கடம் நீங்கிவிட்டது. உண்மை உலகில் பேரரசுகள் எதிர்கொண்டது பிரிந்துபோன மைத்துனரையன்று. முன்பின் அறியாத மக்களை. ஆயினும் இதனையும் அவர் அறியாதவரல்லர். கிரகத்தின் ஆதிக்குடிகளாகச் 'சியெரி' என்னும் ஓர் இனத்தாரைப் படைத்திருக்கிறார். மனிதர் வருமுன்பே அங்கே வாழ்ந்தவர்கள். காட்டினுள்ளே அருகிக்கொண்டு போகிறவர்கள். பேரரசை நோக்கி இது எங்கள் உலகம் என்று முழங்கும் பிரபுக்களும் ஒருநாள் வானத்திலிருந்து விழுந்தவர்களே.

நான் முதலில் வாசித்த நூலின் நாயகன் ஜெஃப் கேர்வின், டார்க்கோவரிற் பிறந்து பூமியில் வளர்ந்து, மீண்டும் அங்கே வருகிறான். கழுத்திலே ஒரு நீலக்கல். தலையிலே சிவந்த மயிர். பெற்றோர் யாரென்று தெரியாது. துறைமுகத்தில் அவன் பூமியான். பழைய நகரின் தெருவில் அவனைக் கண்டவர்கள் தங்கள் பிரபுவென்று வணங்குகின்றனர். வணங்குவோரின் மொழியை அவன் பாதிதான் அறிவான். பேரரசும் குடியேற்றமும் வாதிடும் பெரிய வழக்கு ஒரு தனி மனிதனுள் நடக்கும்போது எப்படியிருக்கும் என்பதை அவ்வம்மையார் நன்றாகக் காட்டியிருக்கிறார். வெளிநாட்டிற் பிறந்து விடுமுறைக்கு வந்து, பாட்டியின் முன்னே நின்று சொற்களைத் தேடும் பிள்ளைகளைக் கண்டவர்கள் அவனை அடையாளங் காண்பார்கள்.

கிறீன்லாந்து 1953இல் குடியேற்றநாடு என்ற நிலையிலிருந்து நீங்கி டென்மார்க் அரசின் ஒரு பகுதியாயிற்று. 1979இல் உள்நாட்டாட்சியும், 2009இல் விரிந்த தன்னாட்சியும் பெற்றது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களைச் சர்வதேசச் சட்டத்தின்படி ஒரு தனி மக்களினம் என ஏற்றுக்கொண்டது. நூக் நகரின் குன்றொன்றின்மேல் எகெடெயின் சிலை நிற்கிறது. 2020இல் அதன்மேல் எவரோ செந்நிற மையை ஊற்றினர். சிலையை அகற்றுவதா வைத்திருப்பதா என்று நகர மக்களிடமே வாக்குக் கேட்கப்பட்டது. வாக்களித்தோருட் பெரும்பாலோர் இருக்கட்டும் என்றனர், அகற்றவேண்டுமென்றோரும் சிலரல்லர். 1933இல் ஒருவரும் கேளாத கேள்வியை, சிறிய அளவிலேனும், இம்முறை அவர்களிடமே கேட்டார்கள்.

அந்த நாவலை மாணவனிடம் திருப்பிக் கொடுத்தபோது மூன்று வாரம் கடந்துவிட்டது. "தொலைந்துவிட்டதென்று நினைத்தேன், சேர்" என்றான். லாச்சியிலேதான் இருந்தது என்றேன். அது முழு உண்மையன்று. அதே கிழமை அவ்வகுப்பின் கட்டுரைகளைத் திருத்தினேன். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கையைக் கண்டுபிடித்தனர் என்று பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். சிவப்பு மையை எடுத்த பின்புதான், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நினைவு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதி, ஆண்டுதோறும் சொல்லிக் கொடுத்துவந்த பாடக்குறிப்பில் அது இருந்தது. பதினொரு கட்டுரைகளிலும் புள்ளி குறைக்கவில்லை. மறுநாள் வகுப்புக்கு அந்தக் குறிப்பை எடுத்துச் சென்று, அச்சொல்லை எல்லோர் முன்னிலையிலும் வெட்டினேன். அதன் இடத்தில் எதை எழுதலாம் என்று கேட்டேன். பின்வாங்கிலிருந்து முதற் கை உயர்ந்தது.